சூடு நிஜமா, செய்தி பொய்யா?

ஹைப்ரிட் கார் இன்வெர்ட்டரில் வெப்ப சென்சார் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி? இளம் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

மே மாத மதியம். வொர்க்‌ஷாப்புக்குள் ஒரு ஹைப்ரிட் கார் நுழைகிறது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் இன்வெர்ட்டர் வெப்ப சென்சார் பற்றி ஒரு எரர் கோட். வண்டிக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: "தம்பி, அந்த சென்சாரை மாத்திட்டா சரியாயிடுமா?"

'ஆயிடும் சார்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிடாதீர்கள். பல வண்டிகளில் அந்த சென்சார் தனியாக விற்பனைக்கே வருவதில்லை. இன்வெர்ட்டருக்குள், பவர் மாட்யூலோடு ஒட்டிப் பிறந்தது அது. சென்சாரை மாற்றுவது என்றால் இன்வெர்ட்டர் முழுவதையும் மாற்றுவது என்றே அர்த்தம். வண்டியிலேயே மிக விலை உயர்ந்த பாகங்களில் அதுவும் ஒன்று. மாற்றி முடித்த மறுநாள் அதே விளக்கு எரிந்தால், அந்த வொர்க்‌ஷாப்பில் உங்கள் பெயரும் சேர்ந்தே எரியும்.

தமிழ்நாட்டில் இந்த வேலை இனி அடிக்கடி வரும். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி ஹைப்ரிட் மூன்றும் 2022-இல் வந்தன. இன்னோவா ஹைகிராஸும் அந்த ஆண்டு இறுதியில்தான் அறிமுகமானது. உத்தரவாதக் காலம் முடிய முடிய இந்த வண்டிகள் வெளி வொர்க்‌ஷாப்புகளைத் தேடி வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பெட்டி நிஜமாகவே சுடுகிறதா, அல்லது சுடுவதாகச் செய்தி மட்டும் வருகிறதா?

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பேட்டரியில் இருப்பது டிசி. மோட்டாருக்கு வேண்டியது த்ரீ-பேஸ் ஏசி. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் பேட்டரி 201.6 வோல்ட்தான். ஆனால் இன்வெர்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் பூஸ்ட் கன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றிவிடும். இந்த வேலையைச் செய்பவை ஐஜிபிடி எனப்படும் பெரிய டிரான்சிஸ்டர்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இவை ஆன், ஆஃப் ஆகின்றன. ஒவ்வொரு தடவையும் துளி வெப்பம். துளிகள் சேர்ந்தால் அடுப்பு.

இந்த டிரான்சிஸ்டர்களின் சிலிக்கான் சில்லு தாங்கும் உச்ச வெப்பம் பொதுவாக 150 அல்லது 175 டிகிரி. எஞ்சின் கூலன்ட் 80, 90 டிகிரியில் ஓடுவது. அதைக் கொண்டு இந்தச் சில்லைப் போதுமான அளவு குளிரவைப்பது கடினம். ஆகவே இன்வெர்ட்டருக்கென்று தனிக் கூலன்ட் பாதை, அதற்கென்று ஒரு மின்சார பம்ப். எஞ்சின் ரிசர்வாயரைப் பார்த்து 'கூலன்ட் ஃபுல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள் பார்த்தது வேறு பாத்திரத்தை.

சில்லுக்குச் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் உடனே விளக்கைப் போடாது. முதலில் மோட்டாரின் சக்தியைக் குறைத்துப் பார்க்கும். 'ஏற்காடு மேட்டுல ஏறும்போது இழுவை இல்ல சார், கீழ வந்தா சரியாயிடுது' என்று வண்டிக்காரர் சொன்னால் காதைக் கொடுங்கள். விளக்கு எரிவதற்கு முந்தைய அத்தியாயம் அதில் இருக்கலாம்.

சென்சார் பேசும் பாஷை

பெரும்பாலான வெப்ப சென்சார்கள் தெர்மிஸ்டர்கள். சூடு ஏறினால் இவற்றின் மின்தடை இறங்கும். கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள 5 வோல்ட்டை ஒரு நிலையான ரெசிஸ்டர் வழியாக இதற்கு அனுப்பி, நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கும். அதைத்தான் டிகிரியாக மாற்றித் திரையில் காட்டுகிறது. அது வெப்பத்தை அளப்பதில்லை, வோல்ட்டை அளக்கிறது. இந்த ஒரு வரி மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை தெர்மிஸ்டரை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் 10 கிலோ ஓம். 0 டிகிரியில் சுமார் 33 கிலோ ஓம். 50 டிகிரியில் சுமார் 3.6 கிலோ ஓம். 100 டிகிரியில் சுமார் 700 ஓம் மட்டுமே. உங்கள் கையிலுள்ள வண்டியின் கணக்கு வேறாக இருக்கும், சர்வீஸ் மேனுவலில் அட்டவணை இருக்கும். ஆனால் வளைவின் போக்கு இதுதான்.

இதுதான் புதியவர்கள் வழுக்கி விழும் இடம். எரர் கோடில் 'சர்க்யூட் லோ' என்று வந்தால் வெப்பம் குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். லோ என்பது வோல்ட். வோல்ட் அடியில் கிடக்கிறது என்றால் தடை இல்லை, அதாவது ஷார்ட். திரையில் வெப்பம் உச்சத்தைக் காட்டும். 'சர்க்யூட் ஹை' என்றால் வயர் அறுந்திருக்கலாம் அல்லது கனெக்டர் கழன்றிருக்கலாம். 5 வோல்ட்டும் அப்படியே நிற்பதால் திரையில் வெப்பம் பாதாளத்துக்குப் போகும். பல வண்டிகளில் அது மைனஸ் 40 டிகிரி. நாமக்கல் வெயிலில் நிற்கும் வண்டி மைனஸ் 40 காட்டினால் குற்றவாளி வயரிங் பக்கம் ஒளிந்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிடும்.

முதலில் உயிர்

ஸ்கேனர், கூலன்ட், வெளியே தெரியும் 12 வோல்ட் கனெக்டர்கள், இவற்றைப் பார்க்க ஹை வோல்டேஜைத் தொடத் தேவையில்லை. ஆரஞ்சு நிற வயர் எங்கே தொடங்குகிறதோ அங்கே உங்கள் பழைய பழக்கங்கள் எல்லாம் நிற்க வேண்டும். டிசியில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே வாகன விதிகள் அதை ஆபத்தான மின்னழுத்தம் என்கின்றன. இங்கே அதைப்போலப் பத்து மடங்கு.

இன்வெர்ட்டர் மூடியைத் திறக்க வேண்டி வந்தால் வரிசை இதுதான்:

• வண்டியை ஆஃப் செய்து, ஸ்மார்ட் கீயை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பாக்கெட்டில் கீ இருக்கும்போது யாராவது பட்டனை அழுத்தினால் வண்டி சத்தமே இல்லாமல் ரெடி ஆகிவிடும்.

• 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

• 1000 வோல்ட்டுக்கான கிளாஸ் 0 ரப்பர் கையுறை. போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்துப் பாருங்கள். காற்று கசிந்தால் அது கையுறை இல்லை, வெறும் ரப்பர்.

• ஹை வோல்டேஜ் பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெஞ்சில் வைத்தால் நல்லெண்ணத்தோடு யாராவது திரும்ப மாட்டிவிடுவார்கள்.

• காத்திருங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் காலியாக டொயோட்டா சொல்லும் நேரம் குறைந்தது 10 நிமிடம். மற்ற வண்டிகளுக்கு அந்தந்த மேனுவல்.

• 1000 வோல்ட் தாங்கும் மல்டிமீட்டரால் பூஜ்யம் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் கரன்ட் இருப்பது உறுதியான ஒரு இடத்தில் அதே மீட்டரைச் சோதியுங்கள். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

ஹை வோல்டேஜ் பயிற்சி இல்லாமல் இந்தப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு மூடியில் கை வைக்க வேண்டாம். 'எனக்கு இதில் பயிற்சி இல்லை அண்ணே' என்று சீனியரிடம் சொல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

ஆறு படிகள்

1. எரர் கோடை அழிக்காதீர்கள்.

அழித்துவிட்டு 'திரும்ப வருதான்னு பார்ப்போம்' என்பது நம் ஊர் வழக்கம். அழித்தால் அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு நடந்த நொடியில் வண்டி என்ன வேகம், வெளி வெப்பம் எவ்வளவு, இன்வெர்ட்டர் எத்தனை டிகிரி காட்டியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. முதல் வேலை, போனில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுப்பது. டொயோட்டாவாக இருந்தால் எரர் கோடோடு வரும் மூன்று இலக்கத் துணை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையில் தேடுவது என்பதை அந்தத் துணை எண்தான் சொல்லும்.

2. கம்பெனி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கோளாறா என்று பாருங்கள்.

2014 பிப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் மூன்றாம் தலைமுறை பிரியஸ்களைத் திரும்ப அழைத்தது. பூஸ்ட் கன்வெர்ட்டரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் அமைப்பால் சில டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகிச் சேதமடையக்கூடும் என்பது காரணம். தீர்வு, மென்பொருள் மாற்றம். சென்சாரும் வயரும் குற்றமற்றவை. இப்படி ஒரு அறிவிப்பு இருப்பது தெரியாமல் இரண்டு நாள் வயரிங்கைக் குடைந்தால் உழைப்பு வீண். சேசிஸ் நம்பரை வைத்து ரீகால், சர்வீஸ் அறிவிப்பு இரண்டையும் தேட ஐந்து நிமிடம் போதும்.

3. விடியற்காலையில் கேளுங்கள்.

எல்லாப் படிகளிலும் செலவே இல்லாத படி இது. பலனும் இதில்தான் அதிகம். வண்டியை இரவு முழுவதும் நிழலில் நிறுத்துங்கள். காலையில் எஞ்சின் ஓடுவதற்கு முன் ஸ்கேனரில் எல்லா வெப்ப அளவுகளையும் ஒரே பட்டியலில் பாருங்கள்: வெளிக்காற்று, எஞ்சின் கூலன்ட், இரண்டு மோட்டார்கள், இன்வெர்ட்டர், பூஸ்ட் கன்வெர்ட்டர், பேட்டரி. ஆறேழு மணி நேரம் ஒன்றாகத் தூங்கி எழுந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில்தான் இருக்க வேண்டும். எல்லாம் 28, 29 என்று நிற்க, ஒன்று மட்டும் 41 காட்டினால் அங்கே சூடு இல்லை, பொய் இருக்கிறது.

4. கூலன்ட் பாதை.

காலைப் பரிசோதனையில் எல்லாம் ஒத்துப்போனால் சென்சார் நல்லவன், சூடு நிஜம் என்ற பக்கம் தராசு சாய்கிறது. இப்போது இன்வெர்ட்டர் ரிசர்வாயரைத் திறந்து, வண்டியை ரெடியில் வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் கூலன்ட் உள்ளே சுழல்வது கண்ணுக்கே தெரியும். அசைவே இல்லையென்றால் பம்ப், அதன் ஃபியூஸ், ரிலே என்று போங்கள். ஸ்கேனரில் பம்பைத் தனியாக ஓடவைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பம்ப் ஓடியும் சூடு இறங்கவில்லை என்றால் பாதையில் காற்று அடைத்திருக்கலாம், ரேடியேட்டரின் முகப்பில் மண்ணும் பூச்சியும் அப்பியிருக்கலாம், விசிறி சுற்றாமல் இருக்கலாம். பி0ஏ93 என்ற எரர் கோட், இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் ஏற்பாடு சரியில்லை என்பதைக் குறிப்பது. அது கூடவே வந்திருந்தால் சென்சாரை மறந்துவிட்டு பம்பிலிருந்து தொடங்குங்கள்.

5. கனெக்டர், வயர்.

மோட்டாரின் வெப்ப சென்சார் போல, கனெக்டர் வெளியே கைக்கு எட்டும் வகைகளுக்கு ஒரு பழைய உத்தி உண்டு. சர்க்யூட் படத்தைப் பார்த்து அது இரண்டு வயர் தெர்மிஸ்டர்தான் என்று உறுதி செய்த பிறகு கனெக்டரைக் கழற்றுங்கள். திரை மைனஸ் 40 பக்கம் போக வேண்டும். வயரிங் பக்க பின்கள் இரண்டையும் மெல்லிய ஜம்பரால் இணையுங்கள். திரை உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் வயரும் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் ஒழுங்கு, சந்தேகம் சென்சார் மீதும் கனெக்டர் பின்கள் மீதும்தான். நடக்கவில்லை என்றால் சென்சாரை மன்னித்துவிட்டு வயரைத் தொடருங்கள். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு ரெசிஸ்டரை வைத்து நடு அளவையும் பார்த்துவிடலாம். மேலே சொன்ன வகை சென்சாராக இருந்தால், 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டும்போது திரை 25 டிகிரி காட்டும்.

இன்னொன்று. மீட்டரின் தடித்த முனையைப் பெண் பின்னுக்குள் குத்தாதீர்கள். பின் விரிந்துவிடும். இல்லாத லூஸ் கான்டாக்டை நீங்களே உண்டாக்கிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பீர்கள். பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையால் தொடுங்கள்.

சென்சார் இன்வெர்ட்டருக்குள்ளேயே இருந்தால் இந்த உத்திக்கு இடமில்லை. அங்கே மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்துதான் தீர்ப்பு.

6. சூட்டோடு சூடாக.

கடைசியாக வண்டியை ஓட்டி, மேட்டில் ஏற்றி, அளவுகளைப் பதிவு செய்யுங்கள். வெப்பம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்க வேண்டும். பாரம் கொடுக்கும்போது சில்லின் வெப்பம் சில நொடிகளில் உயர்வது இயல்பு. ஆனால் சிக்னலில் சும்மா நிற்கும் வண்டியில் 45 டிகிரி ஒரே நொடியில் 110 ஆகி மறு நொடியில் 45-க்குத் திரும்பினால் அது வெப்பம் அல்ல. வெப்பத்துக்குத் தாவத் தெரியாது. லூஸ் கான்டாக்ட்தான் தாவும். வயர் கட்டை மெல்ல அசைத்தபடி திரையைப் பாருங்கள், எந்த இடத்தில் தாவுகிறதோ அங்கே பிரித்துப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இந்தக் கணக்கைச் செய்யத் தெரிந்தவர் வொர்க்‌ஷாப்பில் நாலு பேருக்குப் பாடம் எடுக்கலாம்.

கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்து 2 கிலோ ஓம் தடை கூடிவிட்டது என்று வையுங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம், இப்போது 12 ஆகத் தெரியும். திரையில் 21 டிகிரி. நாலு டிகிரி வித்தியாசத்தை யார் கண்டுகொள்வார்கள்? அதே பெட்டி நிஜமாகவே 100 டிகிரிக்குப் போகும்போது 700 ஓம், 2,700 ஓமாகத் தெரியும். திரை காட்டுவது சுமார் 58. சில்லு வெந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டர் நிம்மதியாக இருக்கும்.

இப்போது தலைகீழாக யோசியுங்கள். ஈரம் புகுந்து இரண்டு பின்களுக்கும் நடுவே 10 கிலோ ஓம் கசிவு. 25 டிகிரியில் திரை சுமார் 41 காட்டும். 100 டிகிரியில் 102 காட்டும், வித்தியாசமே தெரியாது.

ஆக, களிம்பு பிடித்த பின் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும், ஈரக் கசிவு குளிரில்தான் காட்டிக்கொடுக்கும். காலையில் ஒரு தடவை, ஓடி முடித்த பின் ஒரு தடவை என்று இரண்டு நேரமும் அளக்கச் சொல்வது இதனால்தான். ஒரே நேரத்தில் அளந்துவிட்டு 'சென்சார் ஓகே' என்று எழுதுபவர் பாதிக் கோளாறுகளுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்.

நம் ஊர்க் குற்றவாளிகள்

மேனுவலில் இல்லாத சில காரணங்கள் நம் ஊரில் உண்டு. முதலாவது எலி. இரவில் சூடான எஞ்சின் பக்கம் வந்து படுத்து, வயரைக் கொறித்துவிட்டுப் போகும். வயரின் மேல் உறையில் பல் தடம், மூலையில் புழுக்கை இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது பிரஷர் வாஷ். 'எஞ்சினையும் பளபளன்னு கழுவிடுப்பா' என்று சொன்ன மறுவாரம் வரும் எரர் கோடுகளுக்கு கனெக்டரில் தேங்கிய நீர்தான் காரணமாக இருக்கும். கடைசியாக எப்போது வாஷ் செய்தார் என்று கேளுங்கள். மூன்றாவது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. பயன்படுத்திய வண்டியாக வாங்கியவருக்கு அந்த வரலாறு தெரியாமலே இருக்கலாம். கனெக்டருக்குள் இருக்கும் வண்டல் சொல்லிவிடும். நான்காவது குழாய்த் தண்ணீர். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்வெர்ட்டரின் குறுகிய பாதைகளில் உப்பைப் படியவைக்கும். அந்த வண்டியில் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

எழுதும் கைக்கும் கூலி உண்டு

ஜாப் கார்டில் 'சென்சார் செக் செய்யப்பட்டது' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: 'காலை 6.30, எஞ்சின் ஓடும் முன்: வெளிக்காற்று 28, இன்வெர்ட்டர் 29, மோட்டார் சென்சார் 41. கனெக்டர் கழற்றியதும் மைனஸ் 40. பின்னில் ஈரம். உலர்த்தி, சுத்தம் செய்த பின் 29.' நாளை இதே வண்டி திரும்பினால் இந்த நான்கு வரிதான் உங்கள் வக்கீல். ரிப்பேர் முடிந்த பிறகும் அதே அளவுகளை எடுத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள். விளக்கு அணைந்ததைக் காட்டிலும் அளவுகள் ஒத்துப்போனதுதான் சான்று.

வண்டிக்காரரிடம் கண்டறியும் வேலைக்குத் தனிக் கட்டணம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'எதையுமே மாத்தல, அப்புறம் எதுக்குப் பணம்?' என்ற கேள்வி வரும். 'இன்வெர்ட்டரை மாத்த வேண்டாம்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் சார்' என்று சிரித்த முகத்தோடு சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

இந்தத் துறையில் நுழைய நினைப்பவர்கள், ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் படித்தவர்களாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. கூலன்ட், வயரிங், ஸ்கேனர் மூன்றும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. கூட்டிக்கொள்ள வேண்டியவை ஹை வோல்டேஜ் பாதுகாப்புப் பயிற்சி, சர்க்யூட் படம் வாசிக்கும் பழக்கம், ஓம் விதியில் தடுமாறாத கணக்கு. ஐடிஐகளுக்கென மெக்கானிக் எலெக்ட்ரிக் வெஹிகிள் என்ற பிரிவும் இப்போது உள்ளது. நேர்காணலில் 'இன்வெர்ட்டர் வெப்ப சென்சார் கோட் வந்தால் முதலில் என்ன செய்வாய்?' என்று கேட்டால் 'மாற்றுவேன்' என்பவரை அனுப்பிவிடுவார்கள். 'ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்துவிட்டு, காலையில் ஆறிய வண்டியில் எல்லா அளவையும் ஒப்பிடுவேன்' என்பவரை உட்காரச் சொல்வார்கள்.

அந்த மே மாத மதியத்துக்குத் திரும்புவோம். வண்டிக்காரர் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறார். பானட் சுடுகிறது. இந்தச் சூட்டில் எல்லா சென்சாரும் ஏதோ ஒரு பெரிய எண்ணைத்தான் காட்டும், எது பொய் என்று இப்போது தெரியாது. ஆகவே உங்கள் பதில் இது:

"வண்டி இன்னிக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும் சார். காலையில ஆறு மணிக்கு நான் வந்துடுவேன்."